நகம் மாட்டும் இடம்

கண்ணுக்குப் பிடிபடாது.
நகம் கண்டுபிடித்துவிடும்.
முன் ஃபோர்க்கின் வலது குழாயில்
மேலிருந்து கீழாக ஆட்காட்டி விரலை இழுத்தால்
சீலுக்கு நாலு விரற்கடை மேலே
ஒரு ‘டிக்’.

கட்டபெட்டுச் சரிவில், தேயிலைக்கு நடுவே
காட்டெருமை வந்தது என்று சொல்லத்தான் ஆசை.
வரவில்லை.
காட்டெருமைக்காகக் கட்டிய முள்கம்பி இருந்தது,
பிரேக் என்று ஒன்று இருப்பது
எனக்குக் கொஞ்சம் தாமதமாக ஞாபகம் வந்தது,
அவ்வளவுதான்.

அன்றிலிருந்து குழாய் முங்கி எழும்போதெல்லாம்
கருப்பாக ஓர் எண்ணெய் வளையம்.
கோயம்புத்தூர் கடைக்காரர் போட்டோவைப் பார்த்தார்.
“மாத்திடுங்க.” விலையும் சொன்னார்.
அந்தப் பணத்துக்கு எங்கள் ஆய்வகத்தில்
எத்தனை பேருக்குச் சர்க்கரை பார்க்கலாம் என்று
கணக்குப் போட ஆரம்பித்து, பாதியில் விட்டேன்.

ஞாயிறு. கோத்தகிரி மேகத்துக்குள் இருக்கிறது.
சமையலறைச் சுவரில் சைக்கிள் சாய்ந்து நிற்கிறது
முன்சக்கரம் இல்லாமல், பல் பிடுங்க வந்தவர் மாதிரி.
அடுப்பை அணைத்தேன். சீலைச் சுற்றித் துணி கட்டினேன்.
நனைத்த இரண்டாயிரம் நம்பர் தாளால்
குறுக்கே மட்டும், குழாயைக் கட்டிப் பிடிக்கிற திசையில்.
நீளவாக்கில் தேய்ப்பது
எண்ணெய்க்கு நாமே வாய்க்கால் வெட்டிக் கொடுப்பது.
மேட்டைத்தான் தட்ட வேண்டும்.
பள்ளம் அதன்பாட்டுக்கு இருக்கட்டும்.

பிறகு பஞ்சில் அசிட்டோன்.
வலதைத் துடைத்த கையோடு இடதையும் துடைத்தேன்.
இடது குழாய் தோலுரிந்தது.
கண்ணாடி போல ஒரு படலம் பஞ்சோடு வர,
அடியில் பழைய கீறல் ஒன்று,
என்னுடையதைவிட நீளம்.

‘ஒரு கீறல்கூட இல்ல மேடம்,
குழந்தை மாதிரி வச்சிருந்தேன்’ என்று
எனக்கு விற்ற அருவங்காடு டெனிசனுக்கு
அப்போதே போன் போட்டேன்.
கத்துவதற்கு வாக்கியம் தயாராக இருந்தது.

“இடது காலா?” என்றான், நான் கத்துவதற்குள்.
“ஐயோ, அதை ஏன் தொட்டீங்க?
மூணு வருஷம் ஒரு சொட்டு ஒழுகல.
சரி, எத்தனை கோட் போடப் போறீங்க?”
இரண்டு, என்றேன்.
“நாலு. ஒண்ணு காஞ்ச பிறகுதான் இன்னொண்ணு.
மேகம் இறங்கியிருக்கும்போது போடாதீங்க,
வெளுத்துப்போயிடும்.”

வெளுத்துதான் போயிருந்தது,
வலது குழாயில் ஆர்வக்கோளாறில் தொட்டு வைத்திருந்த
முதல் கோட்.
அவனிடம் அதைச் சொல்லவில்லை.
என் வாக்கியத்தையும் சொல்லவில்லை.

மறுபடி அசிட்டோன். மறுபடி முதலிலிருந்து.
ஹீட்டரை இழுத்து வைத்துக்கொண்டு
இரண்டு கீறலுக்கும் நாலு நாலு கோட்,
மருந்தகத்து லில்லிபுஷ்பம் கொடுத்த நிறமில்லாத நகப்பூச்சு,
தீக்குச்சி முனையால்.
காய்ந்ததா என்று குழாயைத் தொட்டுப் பார்த்தால் ரேகை விழும்,
அதனால் அதே நேரத்தில் என் கட்டைவிரல் நகத்திலும் ஒரு துளி.
நடுவில் கரண்ட் போனது.
இருட்டில் நகத்தை உதட்டில் வைத்துப் பார்த்தேன்:
இன்னும் ஒட்டுகிறது.

இரவு பத்தரைக்கு,
ரத்தம் தேய்க்கிற கண்ணாடித் தகடு ஒன்றின் விளிம்பால்
புடைத்ததைச் சீவினேன்.
மறுபடி தாள், மறுபடி குறுக்கே.
விரலை இழுத்தேன்.
இடதில் ஒன்றுமில்லை.
வலதில் ஏதோ ஒன்று,
‘டிக்’ என்று சொல்லுமளவுக்கு இல்லை.

சக்கரத்தை மாட்டி முப்பது தடவை அமுக்கினேன்.
முதல் பத்தில் முடியளவு ஒரு வளையம்.
துடைத்தேன்.
பிறகு இல்லை.
பல்பு வெளிச்சத்தில் இல்லை.

திங்கட்கிழமை, வரிசையில் பதினாறு பேர்.
கையுறை மாட்டும்போது லில்லிபுஷ்பம் பார்த்துவிட்டாள்.
“ஒரு நகத்துக்கு மட்டும் ஏன்டி பாலிஷ்?”

“சாம்பிள்” என்றேன்.